தோல்வழிச் செல்லும் மருந்து

இலக்கணம் பயில்வோர் இடக்கரடக்கல் இன்னதென்று அறிவர். அவையிற் கூறத்தகாத சொல்லை விலக்கி, அப்பொருளைப் பிறிதொரு சொல்லால் மறைத்துக் கூறுதல் அது. ‘கால் கழுவி வந்தான்’ என்பது அதற்கு வகுப்புத்தோறும் காட்டப்படும் உதாரணம். நாகரிக வாழ்க்கைக்கு இவ்வழக்கு இன்றியமையாததே. அதனை யாம் பழிக்கப் புகுந்தோமல்லோம். ஆயினும் அதே மறைப்பு ஒரு நோயைச் சூழ்ந்து நின்று, வைத்தியருடைய கண்ணுக்கும் அதனைப் புலப்படாமற் செய்யுமாயின், அங்கே இலக்கணம் சிறிது விலகி வழிவிடல் வேண்டும். நீர்ப்பையைப் பற்றிய இக்கட்டுரை இம்மலரில் இடம்பெறுதல் தகுமோ என முதலில் ஐயுற்றோம். எம் பாட்டியார் நான்காண்டு பட்ட துன்பத்தை நினைந்து அவ்வையத்தைத் துறந்தோம்.

பாட்டியார் வாழ்வது கூக்காலில். கோடைக்கானலினின்று பூம்பாறை வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் அவ்வூரை அடையலாம். ஏரியும், அதனையடுத்த சோலைக்காடும், மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்களும் உடைய சிற்றூர் அது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் பகுதியைச் சார்ந்தது. விடுமுறையில் எம்முடன் வந்த நண்பர்கள் அவ்வூர் மூடுபனியை வியந்து பல பக்கங்கள் எழுதிச் சென்றனர். அப்பனி ஒரு முதியவளின் நீர்ப்பைக்குச் செய்யும் கொடுமையை அவர்களுள் ஒருவரும் எழுதிற்றிலர். குளிர் மிகுங்கால் தோலின்கண் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கும். இரத்தம் உடலின் உள்ளுறுப்புகளை நோக்கித் திரளும். சிறுநீரகங்கள் அம்மிகுதியைக் கண்டு நீரை அதிகமாக வெளியேற்றும். மார்கழி இரவில் ஊரார் அனைவரும் ஒருமுறையேனும் எழுவது இதனாலேயே. பாட்டியாரோ நான்கு ஐந்து முறை எழுந்தார்.

‘ஆட்டைப் பார்த்து வருகிறேன்’ என்று சொல்லி அவர் எழுந்து செல்வார். அவ்வாடு விற்கப்பட்டு ஈராண்டு ஆன பின்னரும் ஆட்டைப் பார்க்கவே சென்றுகொண்டிருந்தார். ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் அமர்ந்து பாடியவர், வாயிலருகே ஓர் ஓரத்துக்கு வந்து சேர்ந்தார். பேருந்திலேறிக் கோடைக்கானலுக்குச் செல்வதை விட்டார். வத்தலக்குண்டில் நடந்த எம் அத்தை மகளின் திருமணத்துக்கும் வாராதொழிந்தார். முழங்கால் வலி என்றனர், நாமும் நம்பினோம். இடையில் தண்ணீர் குடிப்பதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார் என்பது பின்னரே தெரிந்தது. நீரைக் குறைத்தால் நோய் குறையுமென்று எண்ணுதல் இயல்பே. ஆனால் செறிவு மிகுந்த சிறுநீர் நீர்ப்பையின் உட்சுவரை உறுத்தி அவசரத்தை மேலும் தூண்டும். மலச்சிக்கலும் அழற்சியும் உடன்வரும்.

ஊரார் இதனை ‘நீரிழிவு’ என்றனர். சொல்லின் பொருளை நோக்கின் அவர்கள் கூறியது பிழையன்று. நீர் இழிந்துகொண்டேயிருக்கும் நோய் நீரிழிவுதானே. ஆனால் அப்பெயர் இன்று சர்க்கரை நோய்க்கே உரியதாகிவிட்டது. பாட்டியாருக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகையில்லை. சிறுநீரில் கிருமியும் இல்லை. நகரத்து டாக்டர் இவ்விரண்டையும் சோதித்து விலக்கிய பின்னரே, இது நீர்ப்பையின் மிகைத்துடிப்பு என்று முடிவு செய்தார்.

இந்நோயின் இயல்பை அறிய நீர்ப்பையின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். நீர்ப்பை தசையாலாகிய ஒரு பை. வளர்ந்தவருக்கு அது 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அதன் வியத்தகு குணம் யாதெனின், நிரம்ப நிரம்பத் தசை தளர்ந்து இடங்கொடுக்கும்; உள்ளழுத்தம் ஏறாது. பாதியளவு நிரம்புமுன்னரே முதற் செய்தி மூளைக்குச் செல்லும். ‘இப்பொழுதன்று, பின்னர்’ என்று மூளை விடையளிக்கும், பையும் கீழ்ப்படியும். உரிய இடமும் காலமும் வாய்த்தபொழுது நரம்புமுனைகள் அசெட்டைல்கோலின் என்னும் பொருளைச் சொரியும். அது தசையணுக்களின்மேல் உள்ள மஸ்கரினிக் ஏற்பிகளிற் பொருந்தியவுடன் தசை சுருங்கி நீர் வெளிப்படும். மிகைத்துடிப்பு உடையவர்க்கு இவ்வொழுங்கு குலைகின்றது. பை நிரம்புமுன்னரே தசை தானாகச் சுருங்கத் தொடங்கும். தாங்கவொண்ணாத அவசரம் திடீரெனத் தோன்றும். சிலர்க்கு வாயிலை அடையுமுன் கசிவும் நேரும். அவசரமே இந்நோயின் தலையாய அடையாளம். எத்தனை முறை என்பது அதற்கு அடுத்ததே.

சுருக்கும் செய்தி ஏற்பியை அடையாவண்ணம் தடுத்தால் தசை அமைதியுறும் அன்றோ? அத்தடையைச் செய்யும் மருந்துகளுள் ஒன்று ஆக்ஸிபியூட்டினின். அமெரிக்க நாட்டில் 1975 முதல் மாத்திரையாக வழங்கி வருவது. பூட்டின் துளையில் வேறொரு சாவியைச் செருகி வைத்தாற்போல, இது ஏற்பியில் அமர்ந்துகொண்டு அசெட்டைல்கோலினுக்கு இடமில்லாமற் செய்கின்றது. ஆனால் அதே பூட்டுகள் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும், குடலிலும், கண்ணிலும், மூளையிலும் உள்ளன. மருந்துக்கு வீட்டு எண் தெரியாது. எல்லாக் கதவுகளையும் அடைத்துச் செல்கின்றது.

டாக்டர் முதலில் மூன்று நாட் குறிப்பொன்றை எழுதிவரச் சொன்னார். எழுதும் பணி எமக்கு வாய்த்தது. பகலில் 14, இரவில் 4 என்று கணக்கு நின்றது. பின்னர் 5 மில்லிகிராம் மாத்திரை நாளொன்றுக்கு இரண்டு தரப்பட்டது. முதல் வாரத்தில் அவசரம் தணிந்தது, வீட்டிலுள்ளோர் மகிழ்ந்தோம். இரண்டாம் வாரத்தில் வாய் உலர்ந்தது. நாவு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கின்றது என்றார். சோற்றை விழுங்க ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர் வேண்டியதாயிற்று. வாய் உலரவே நீர் பருகினார். நீர் பருகவே மீண்டும் ஆட்டைப் பார்க்கச் சென்றார். நோயைத் தணிக்க வந்த மருந்து தாகத்தின் வழியே அந்நோயையே திரும்ப அழைத்து வந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, எம்மைப் பார்த்து, இறந்துபோன எம் பெரியப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்து, ‘பூண்டு கட்டியாயிற்றா?’ என்று வினவினார். அன்றே டாக்டரிடம் தொலைபேசியில் தெரிவித்தோம், மாத்திரை நிறுத்தப்பட்டது. இரண்டொரு நாளில் அவர் மனம் பழைய தெளிவை எய்தியது.

இச்செய்தியைக் கேட்டு அமெரிக்காவில் தாதியாகப் பணிபுரியும் எம் சிற்றன்னையார், அங்கே இம்மருந்தையே பிளாஸ்திரியாக வயிற்றில் ஒட்டிக்கொள்கின்றனர் என்று எழுதினார். இதனைப் பற்றி அறிய யாம் கொண்ட ஆவலே இக்கட்டுரைக்கு வித்து.

மருந்தைத் தோல்வழியே செலுத்தினால் வேற்றுமை யாது? உட்கொண்ட மருந்து குடலாற் கவரப்பட்டவுடன் நேரே உடலெங்கும் பரவுவதில்லை. குடலிலிருந்து புறப்படும் இரத்தம் முதலில் கல்லீரலைக் கடந்தே இதயத்தை அடைதல் வேண்டும். கல்லீரல் உடலின் சுங்கச்சாவடி. அயலிலிருந்து வரும் பொருள் ஒவ்வொன்றையும் நிறுத்திச் சோதித்து உருமாற்றி விடும். ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை இச்சோதனையில் பெரும்பாலும் அழிந்துபடுகின்றது. நூற்றில் ஏறக்குறைய 6 பங்கே மாறாமல் இரத்தத்தைச் சேர்கின்றது. எஞ்சியதில் ஒரு பகுதி டெஸ்எதில் ஆக்ஸிபியூட்டினின் என்னும் வேறொரு பொருளாக மாறுகின்றது. வாயை உலர்த்துவதில் இவ்விளைபொருளுக்கே பெரும்பங்கு உண்டென்பர். மாத்திரை உட்கொண்டவர் இரத்தத்தில் இவ்விளைபொருள் மூலமருந்தைப்போல ஏறத்தாழ 12 மடங்கு காணப்படுகின்றது. பிளாஸ்திரி ஒட்டியவரிடத்து அது 1.3 மடங்கே. தோல்வழிச் சென்ற மருந்து சிறு இரத்தக் குழாய்களிற் கலந்து, சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு நேரே பொது ஓட்டத்தைச் சேர்வதனாலாகிய பயன் இது. பின்னர் அதுவும் கல்லீரலை அடையத்தான் செய்யும். ஆயினும் சிறிது சிறிதாக அடையும்.

தோல் என்பது உடலின் மதில். அதன் வெளிப்படலம் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே தடிப்புடையது. இறந்த அணுக்கள் செங்கல்லாகவும் அவற்றிடையே கொழுப்பு சாந்தாகவும் அமைந்த சுவர் அது. இச்சுவரை ஊடுருவ வல்ல மருந்துகள் மிகச் சிலவே. மூலக்கூறு சிறிதாதல் வேண்டும். கொழுப்பிற் கரைதல் வேண்டும். நாளொன்றுக்குச் சில மில்லிகிராமே போதுமானதாயிருத்தல் வேண்டும். ஆக்ஸிபியூட்டினினுடைய மூலக்கூற்றெடை 357. ஐந்நூற்றுக்குட்பட்டவையே இவ்வழிக்கு ஏற்றன என்னும் பொதுவிதிக்கு அது அடங்கியது.

இத்துறையில் முதலாவதாக 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிளாஸ்திரி எதற்கென்று அறிந்தபோது யாம் நகைத்தோம். பிரயாணத்தில் வரும் குமட்டலைத் தடுக்கக் காதின் பின்புறம் ஒட்டும் ஸ்கோபாலமின் பிளாஸ்திரி அது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பேருந்தின் சன்னலோரத்துத் துயரத்தைக் கண்டவர் எவரும் அக்கண்டுபிடிப்பை வாழ்த்துவர். அதன்பின் இதயநோய்க்கும், கொடிய வலிக்கும், புகைப்பழக்கத்தை விடுவதற்கும் பிளாஸ்திரிகள் வந்தன. நீர்ப்பைக்குரிய ஆக்ஸிபியூட்டினின் பிளாஸ்திரிக்கு அனுமதி கிடைத்தது 2003இல். 2009இல் அம்மருந்தே நாள்தோறும் தடவிக்கொள்ளும் களிம்பாகவும் அனுமதிக்கப்பட்டது. 2013இல் பதினெட்டு வயது நிரம்பிய பெண்கள் வைத்தியர் சீட்டின்றியே பிளாஸ்திரியை வாங்கலாம் என்றும் அந்நாட்டில் விதித்தனர். ஆடவருக்கு அவ்வுரிமை அளிக்கப்பட்டிலது. அவர்க்கு இவ்வறிகுறிகள் புராஸ்டேட் வீக்கத்தாலும் தோன்றலாம். நீர் வெளிப்படும் வழியே அடைபட்டிருக்கும்போது தசையைத் தளர்த்தினால் நீர் முற்றிலும் கட்டிக்கொள்ளும்.

பிளாஸ்திரியின் உருவம் எளியது. மேலே மெல்லிய காப்புத்தகடு. அதனடியில் மருந்து கலந்த பசை. பசையின்மேல் ஒட்டுமுன் உரித்தெறியும் தாள். பரப்பு 39 சதுர சென்டிமீட்டர். உள்ளடங்கிய மருந்து 36 மில்லிகிராம். நாளொன்றுக்குத் தோலுட் செல்வது 3.9 மில்லிகிராம். வயிறு, இடுப்பு, பிட்டம் ஆகிய இடங்களுள் ஒன்றில், உலர்ந்து தூய்மையாக உள்ள தோலின்மேல் ஒட்டி, மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை மாற்றுவர். மாற்றும்போது ஒரு வாரத்துக்குள் அதே இடத்தில் மீண்டும் ஒட்டலாகாது. எண்ணெயோ களிம்போ பூசிய தோலில் அது பிடிக்காது. தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நம்மவர் இதனைக் கருத்திற் கொள்க. வெப்பம் தோலின் குழாய்களை விரித்து மருந்தை விரைந்து உள்ளே இழுக்கும். ஆதலின் கணப்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு குளிர்காயும் மலைநாட்டு வழக்கத்துக்கும் இதற்கும் பொருந்தாது. கழற்றிய பிளாஸ்திரியில் பாதிக்குமேல் மருந்து எஞ்சியிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளாக மடித்து, குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாவண்ணம் எறிதல் வேண்டும்.

பயன் எத்துணை? புகழ்ந்து கூறுவார் கூற்றை அப்படியே கொள்ளற்க. சோதனைகளில் மருந்தில்லாத போலிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டோருக்கும் கசிவு கணிசமாகக் குறைந்தது. மருந்துடையார்க்கு அதனினும் சிறிது கூடுதலாகக் குறைந்தது. வேற்றுமை உண்மையானதே, பெரிதன்று. இதன் உண்மைச் சிறப்பு வாயுலர்வு குன்றுதலில் உள்ளது. சோதனையொன்றில் மருந்துப் பிளாஸ்திரி ஒட்டியோருள் நூற்றுக்குப் பத்துப்பேருக்குச் சிறிது குறைவானோரே வாயுலர்வு கூறினர். போலிப் பிளாஸ்திரி ஒட்டியோருள்ளும் எட்டுப்பேர் அங்ஙனமே கூறினர். ஆனால் வாய் பெற்ற விடுதலைக்குத் தோல் விலை கொடுக்கின்றது. ஒட்டிய இடத்து அரிப்பு நூற்றில் ஏறக்குறைய 17 பேருக்கு உண்டாயிற்று. சிலர் சிவப்பும் தடிப்பும் தாளாமல் விட்டுவிட்டனர். கண்ணழுத்த நோயுள் ஒருவகை உடையார்க்கும், நீர்க்கட்டு உடையார்க்கும் எவ்வழியாலும் இம்மருந்து ஆகாது.

இவற்றையெல்லாம் படித்தறிந்து, வெற்றி கொண்டவர்போல யாம் டாக்டரிடம் சென்று, சிற்றன்னையார் வருகையில் பிளாஸ்திரி கொணரச் சொல்லலாமா என்று கேட்டோம். அவர் பொறுமையுடன் கேட்டபின், ‘வழி வேறு, மருந்து அதுதானே, தம்பி?’ என்றார். பாட்டியாருக்கு நேர்ந்த துன்பம் வாயுலர்வு மட்டுமாயின் பிளாஸ்திரியைத் தாமே விரும்பியிருப்பாராம். மூன்றாம் வாரத்து மாலையில் மனம் தடுமாறியதன்றோ? தோல்வழிச் சென்றாலும் இம்மருந்து மூளையை அடையும். முதியோர்க்கு இவ்வகை மருந்துகளை நெடுநாள் தருவதில் மறதியும் குழப்பமும் பற்றிய அச்சம் உண்டு. ஒருமுறை குழம்பியவரிடத்து மறுமுறை சோதித்துப் பார்க்கத் தமக்குத் துணிவில்லை என்றார். யாம் தலைகுனிந்தோம். நூற்கல்வி எண்களை எமக்குத் தந்தது. எதிரே அமர்ந்திருந்த கிழவியை டாக்டரே நோக்கினார்.

இங்கே மற்றொன்றும் கூறல் வேண்டும். ஊரில் ஒருவர், ஊமத்தை இலையை வாட்டி அடிவயிற்றில் கட்டினால் நீர் அடங்குமென்று பாட்டியாருக்கு முன்னமே சொல்லியிருந்தார். அது முற்றிலும் ஆதாரமற்ற பேச்சாயின் சிரித்துவிட்டிருப்போம். ஆனால் ஊமத்தையில் அட்ரோபினும் ஸ்கோபாலமினும் உள்ளன. அவை ஆக்ஸிபியூட்டினின் அடைக்கும் அதே பூட்டுகளை அடைப்பவை. கோடை மலையின் ஓடையோரங்களில் தலைகீழாக மணிபோல் தொங்கும் பெரிய வெண்பூக்களையுடைய புதர், தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஊமத்தையின் உறவே. அதிலும் இந்நஞ்சு உண்டு. அச்செடியைக் கத்தரித்த கையாற் கண்ணைத் துடைத்தோர்க்குக் கண்மணி விரிந்து பார்வை மங்கியதுண்டு. ஊமத்தை என்னும் பெயரை உன்மத்தம் என்னும் வடசொல்லோடு இயைத்துக் கூறுவர். பித்து என்பது அதன் பொருள். பாட்டியார் அன்று மாலை எய்திய தடுமாற்றத்தின் பெயரையே அச்செடி தாங்கி நிற்கின்றது. இலைக்கும் பிளாஸ்திரிக்கும் இடையிலுள்ள வேற்றுமை அளவு ஒன்றே. பிளாஸ்திரி ஒரு நாளைக்கு இத்துணையென்று அளந்து தரும். இலையோ, அது வளர்ந்த இடத்தையும், பறித்த பருவத்தையும், கட்டிய தோலில் உள்ள கீறலையும் பொறுத்து எத்துணையேனும் தரும். ஆகவே அவ்விலையை எவரும் கட்டற்க.

பின்னர்ப் பாட்டியாருக்குத் தரப்பட்டது யாதெனின், முதலாவது கடிகாரம். ஒரு மணிக்கொருமுறை, அவசரம் தோன்றினும் தோன்றாவிடினும் செல்லுதல். வாரந்தோறும் அவ்விடைவெளியைக் காற்பங்கு மணியளவு நீட்டுதல். இடையில் அவசரம் எழுந்தால் ஓடாமல் அமர்ந்து, அடித்தசைகளை ஐந்தாறு முறை இறுக்கி விடுத்து, அவ்வலை தணிந்தபின் நடத்தல். சித்த நூல்கள் அடக்கலாகாத வேகங்கள் பதினான்கென வகுத்து, அவற்றுட் சிறுநீரையும் எண்ணியிருக்கின்றன. பாட்டியார் அதனையே சொல்லி எம்முடன் வழக்காடினார். நிரம்பிய பையை அடக்குதலே அங்கு விலக்கப்பட்டது, நிரம்பாத பையின் பொய்யழைப்பை அன்று என்று யாம் உரை செய்தோம். உரைகாரரை அவர் முழுதும் நம்பினாரல்லர். பயிற்சியை மட்டும் செய்தார். தண்ணீரைக் குறைக்காமல், மாலை ஆறு மணிக்குமுன் பெரும்பகுதியைப் பருகி முடிக்கவும், கடுங்காப்பியை ஒருவேளையோடு நிறுத்தவும் இசைந்தார். காப்பியிலேதான் மிகுந்த பூசல் எழுந்தது.

இரண்டு மாதத்துக்குப்பின் மிராபெக்ரான் என்னும் மாத்திரையும் சேர்க்கப்பட்டது. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது, சுருக்கும் செய்தியைத் தடுப்பதன்று. தசையைத் தளர்த்தும் வேறோர் ஏற்பியைத் தூண்டுவது. ஆதலின் வாயை அவ்வளவாக உலர்த்துவதில்லை. இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்பதால் அதனை அடிக்கடி அளந்து வருகின்றனர்.

சிற்றன்னையாருக்குப் பிளாஸ்திரி கொணரவேண்டா என்று எழுதிவிட்டோம். குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பகல் 8, இரவு 2 என்றுள்ளது. சென்ற கிறிஸ்துமஸுக்குப் பாட்டியார் பேருந்தில் கோடைக்கானலுக்கு வந்தார். புறப்படுமுன் வீட்டுக் கொல்லையை நோக்கி நடந்தவரை, ‘ஆட்டையா பார்க்கப் போகிறீர்கள், பாட்டி?’ என்று எம் தங்கை கேட்டாள். ‘இல்லையடி, ஒன்றுக்குத்தான்’ என்றார்.